இருநூற்றுப் பதினான்காவது உண்ணி

இதில் வரும் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். கபாலி கோயில் குளத்துத் தண்ணீர் மேல் சத்தியம், லஸ் முனையில் திரும்பும் ட்ராம் வண்டி மேல் சத்தியம், சொல்கிற நாக்கின் மேலும் சத்தியம். பொய் கலந்திருந்தால் அந்த நாக்குக்குச் சாகும்வரை காபி ருசிக்காமல் போகட்டும். அதற்கு மேலும் சந்தேகப்படுகிற ஜாதி உண்டு. அவர்களுக்காக ஒரு கண்ணாடி பாட்டில் அத்தாட்சியாக இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் மயிலாப்பூரில், லஸ்ஸுக்கு அருகே ஒரு சந்தில், ஷரீஃப் பாய் கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஆமணக்கும் எருக்கும் மண்டிய ஒரு காலி மனை. குடும்பம் என்று மூன்று பேர்: ஷரீஃப் பாய், அவர் மனைவி ஹாஜிரா பீ, அலாரம்.

அலாரம் என்பது பூனை. காலை ஐந்து மணிக்கு ஒரு கத்தல், பகல் பன்னிரண்டுக்கு ஒரு கத்தல். ஒரு விநாடி முன்பின் கிடையாது. ட்ராம் ஓட்டுகிறவர்கள் சந்து முனையில் வண்டியை மெதுவாக்கி, பூனை வாயைத் திறக்கும்வரை காத்திருந்து, வாட்சைத் திருத்திக்கொண்டு போவார்கள். ஒருமுறை அடையாற்றிலிருந்து வந்த துரை ஒருவர், தம்முடைய தங்க வாட்சும் இந்தப் பூனையும் வேறு வேறு மணி சொல்கின்றன என்று புகார் செய்தார். ஷரீஃப் பாய் மரியாதையாக வாட்சைத் திறந்து பார்த்தார். கோளாறு வாட்சில்தான் இருந்தது.

அப்படிப்பட்ட அலாரம் அந்த வருஷம் ஆவணி மாதத்தில் பிந்த ஆரம்பித்தது. முதல் நாள் இரண்டு நிமிஷம். மறுநாள் ஐந்து. ஒரு வாரத்தில் பதினொரு நிமிஷம் பிந்திவிட்டது. பூனையை நம்பிப் புறப்பட்ட வக்கீல் ஒருவர் கோர்ட்டுக்குத் தாமதமாகப் போய்க் கேஸைத் தோற்றார். அவருடைய குமாஸ்தா ராமானுஜம் ஷரீஃப் பாயின் பக்கத்து வீட்டுக்காரர். அவர் கடை வாசலில் வந்து நின்றார்.

"ஓய் பாய், உம்ம பூனைக்குச் சாவி குடுத்தேளா இல்லையா?"

ஷரீஃப் பாய் கையிலிருந்த வாட்சைக் கீழே வைத்தார். பூனையைத் தூக்கி மடியில் போட்டு, வாட்சைக் காதில் வைத்துக் கேட்பதுபோல் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். ஓட்டம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ரோமத்துக்குள் விரலை விட்டார். கழுத்தில் ஒரு மொச்சைப் பருப்பு தட்டுப்பட்டது. காதுக்குப் பின்னால் இன்னொன்று. அக்குளில் வரிசையாக நாலு. வாட்ச்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பார்த்தார். மொச்சைப் பருப்புக்குக் கால் இருந்தது.

"உண்ணி" என்றார் ஷரீஃப் பாய். "ரத்தத்த உறிஞ்சி உறிஞ்சி, ஸ்ப்ரிங் தளர்ந்துபோச்சு."

அந்தச் சமயம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு அலறல். வெள்ளிக்கிழமை விருந்துக்காக ஹாஜிரா பீ துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்த வெள்ளை விரிப்பின் நட்டநடுவில் ஒரு உண்ணி நடந்து போய்க்கொண்டிருந்தது.

வருகிற விருந்தாளி சாமானியப்பட்டவர் அல்ல. ஷரீஃப் பாயின் அக்கா, திருவல்லிக்கேணி ஜமீலுன்னிசா. ஆபா என்று குடும்பமே அழைக்கும். நடுங்கிக்கொண்டுதான் அழைக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, ஜும்மா தொழுகை முடிந்த பிற்பகலில் வருவார். வெள்ளை விரிப்பில் உட்காருவார். உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலை நீட்டிக் கதவிடுக்கைத் தடவிப் பார்ப்பார். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பிரியாணியில் இருந்த ஒரு கல்லை இன்றைக்கும் பெயர் சொல்லி விசாரிப்பார்.

ஹாஜிரா பீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"கேட்டுக்குங்க. வெள்ளிக்கிழம ஆபா வர்றாங்க. அவங்க வெத்தல போட்டு எழுந்துக்கற நேரத்துக்கு இந்தப் பூன மேல ஒரே ஒரு உண்ணி இருந்தாலும் சரி, அதே நிமிஷம் பாஞ்சாலி கூடையில வெச்சி அனுப்பிடுவேன். அல்லா மேல ஆணை."

பாஞ்சாலி ஊரூர் குப்பத்திலிருந்து மீன் விற்க வருகிறவள். அவள் கூடையும் அவளும் அப்போது அங்கேதான் இருந்தார்கள்.

"குடு பாயி, குடு. எங்க குப்பத்துல எலி வலையக் கடிச்சி கடிச்சி, மீனு இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் பூடுது. இத்தக் கொண்டும்போயி படவுல கட்டிடறேன்."

"இது கடிகாரம் பாஞ்சாலி. உப்புக்காத்து பட்டா துரு புடிச்சிடும்."

"துரு புடிச்சா இன்னா? எலியப் புடிச்சா போதும்."

ஷரீஃப் பாய் பிள்ளை இல்லாத மனிதர். ஒன்பது வருஷமாக அந்தப் பூனை அவர் மேஜைமேல், அவர் வலது முழங்கைக்குப் பக்கத்தில், திருப்புளிகளுக்கு நடுவே படுத்துத் தூங்கியிருக்கிறது. அந்த இடம் காலியாக இருந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்துக்கொண்டார். அன்றைக்குத் திங்கட்கிழமை. நாலு நாள் இருந்தது.

உடனே தெரு முழுவதும் வைத்தியர் ஆனது.

"மண்ணெண்ணெய்" என்றார் ராமானுஜம். "எங்காத்து நாய்க்கு அதான் போட்டோம். ஒண்ணுவிடாமப் போயிடுத்து."

"நாய் எப்படி இருக்குது?"

"அதுவும் போயிடுத்து."

"பீடி நெருப்பு வெச்சி சுடு" என்றாள் பாஞ்சாலி. "சூடு பட்டா தானா கயிண்டுக்கும்."

"பூன சும்மா இருக்குமா?"

"அது எங்க சும்மா கீது? எங்க மாமா சுட்டாரு. அவரு மூஞ்சிய இன்னிக்கும் வந்து பாரு."

ஷரீஃப் பாய் இரண்டையும் ஒதுக்கினார். அவரிடம் தொழில் இருந்தது. முப்பது வருஷத் தொழில். துருப்பிடித்து இறுகிய திருகாணியை எப்படிக் கழற்றுவது என்று அவருக்குத் தெரியும்: ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், ஊறவிட வேண்டும், இடப்பக்கமாகத் திருக வேண்டும். உலகத்தில் இறுகிப்போன சமாசாரம் எதுவானாலும் இதுதான் வழி என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சுவிட்சர்லாந்து வாட்ச் எண்ணெயை எடுத்தார். ஊசி நுனியால் உண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் விட்டார். சாயங்காலம்வரை ஊறவிட்டார். எண்ணெய் பட்ட அலாரம் நேரே பின்மனைக்குப் போய் ஆமணக்குச் செடிகளுக்கு அடியில் ஆசைதீரப் புரண்டுவிட்டு வந்தது. தூசியும் சருகும் ஒட்டி, ரோமம் கட்டி கட்டியாகத் திரண்டு, கதிர்முற்றிய கம்பங்கொல்லை மாதிரி வந்து நின்றது.

ஷரீஃப் பாய் சாமணத்தை எடுத்தார். வாட்சின் நூலிழை முள்ளைப் பிடிக்கிற மெல்லிய சாமணம். ஒரு உண்ணியைப் பிடித்தார், வழுக்கியது. மறுபடி பிடித்தார், வழுக்கியது. மூன்றாவது தடவை இறுக்கிப் பிடித்து, திருகாணி பழக்கத்தில், இடப்பக்கமாகத் திருகினார். உடம்பு கையோடு வந்துவிட்டது. வாய் தோலிலேயே நின்றுவிட்டது. அலாரம் கத்தியது. மணி நாலு இருபது. ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் தவிர அந்தப் பூனை வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

எண்ணெய் குடித்த மற்ற உண்ணிகள் கொஞ்சம் பெருத்திருந்தன. சில பளபளத்தன.

பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள். "இன்னா பாயி, தாளிச்சி வெச்சிட்ட? அப்பிடியே குடு, வறுத்துக்கறேன்."

புதன்கிழமை ஷரீஃப் பாய் விடிந்ததும் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். பூனையைப் பார்க்கவும் துணிவில்லை. முகத்தை மறைத்துக்கொள்ள ஏதாவது வேலை வேண்டுமே என்று ராமானுஜத்தின் பாக்கெட் வாட்சை எடுத்துத் திறந்தார். விநாடி முள் வளைந்திருந்தது. அதைக் கழற்ற வேண்டும். சாமணத்தின் நுனியை முள்ளின் அடியில், அச்சோடு ஒட்டினாற்போல் கொடுத்தார். மூச்சை விட்டார். நேர் மேலே, மெதுவாக, ஒரே சீராகத் தூக்கினார். முள் வந்துவிட்டது.

கை அந்தரத்தில் நின்றது.

முள்ளை யாராவது திருகுவார்களா? திருகினால் அச்சு முறியும். முள்ளுக்கு யாராவது எண்ணெய் விடுவார்களா? விட்டால் வழுக்கும். அடியில் பிடித்து நேரே தூக்க வேண்டும் என்பது தொழிலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற பாடம் ஆயிற்றே!

"ஹாஜிரா!" என்று கத்தினார். "அது திருகாணி இல்ல! முள்ளு!"

"எது?"

"உண்ணி!"

ஹாஜிரா பீ வாசலுக்கு வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல, அதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆனால் திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய துப்பட்டா இருந்தது. ஆணை ஆணைதான், அதற்காகப் பூனையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டாமா?

முதலில் வெந்நீர்த் துணியால் எண்ணெயைத் துடைத்தார்கள். திரண்டுபோன ரோமம் மட்டும் சில இடத்தில் பிரியவில்லை. பிறகு ஹாஜிரா பீ அலாரத்தைத் துப்பட்டாவில் குழந்தைபோல் சுற்றி, ஒரு சமயத்தில் ஒரு பாகத்தை மட்டும் வெளியே காட்டினார். ஷரீஃப் பாய் சீப்பால் ரோமத்தை வகிர்ந்தார். சாமணத்தின் நுனியைத் தோலோடு தோலாக, உண்ணியின் வயிற்றில் அல்ல, அதன் வாய்ப்பக்கம் கொண்டுபோனார். மூச்சை விட்டார். நேரே, மெதுவாக, வெடுக்கென்று இழுக்காமல் தூக்கினார்.

உண்ணி முழுசாக வந்தது. எட்டுக் காலையும் உதைத்துக்கொண்டு.

"மாஷா அல்லா" என்றார் ஹாஜிரா பீ, தன்னை மறந்து.

அதை நசுக்க, வாட்சை வாங்க வந்திருந்த ராமானுஜம் கட்டைவிரலை நீட்டினார். ஷரீஃப் பாய் அந்த விரலைத் தட்டிவிட்டார்.

"கை படக்கூடாது. நசுக்கக் கூடாது. நசுக்கினா அதோட ரத்தம் உங்க மேல படும், இல்லாத சீக்கெல்லாம் வரும். இது என் கடை, என் சட்டம்." உண்ணியை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டார். கடித்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, டிங்சர் தொட்டு வைத்தார். "அடுத்தது."

புதன்கிழமை மட்டும் தொண்ணூற்று மூன்று. வியாழக்கிழமை நூற்று இருபது. காதுமடலுக்குள், தாடைக்கடியில், அக்குளில், விரல் இடுக்கில், வாலின் அடியில் என்று ஒரு இடம் விடவில்லை. சந்தில் கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொரு உண்ணிக்கும் ஒரு ஆரவாரம். ட்ராம் வண்டி ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று நின்றது. அப்படியே வரிசை ராயப்பேட்டைவரை போயிற்று. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இறங்கி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் ஏறிக்கொண்டார்கள். திருகி விட்டுப்போன அந்த ஒரு வாயை மட்டும் ஷரீஃப் பாய் தோண்டவில்லை. "தோலே வெளிய தள்ளிடும்" என்று டிங்சர் மட்டும் வைத்தார். வியாழக்கிழமை அது தானாகவே உதிர்ந்திருந்தது.

உண்ணி குறையக் குறைய அலாரம் நேரத்தை மீட்டுக்கொண்டே வந்தது. இருபது உண்ணிக்கு ஒரு நிமிஷம் என்று ராமானுஜம் கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை காலை அது கத்தியபோது ஷரீஃப் பாய் தலையணைக்கு அடியிலிருந்து வாட்சை எடுத்துப் பார்த்தார். ஐந்து. நெற்றியடியாக ஐந்து.

பிற்பகல் ஜமீலுன்னிசா ஆபா ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தார். கதவிடுக்கைத் தடவினார், விரலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஆபா ஒன்றும் சொல்லவில்லை என்றால் குறை ஒன்றும் இல்லை என்று அர்த்தமல்ல. சேர்த்துவைக்கிறார் என்று அர்த்தம். வாசலில் ராமானுஜம், கூடையோடு பாஞ்சாலி, அவர்களுக்குப் பின்னால் பாதி மயிலாப்பூர்.

வெற்றிலைத் தட்டு வந்தது. ஆபா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "எங்கே அது?" என்றார். "ஊரே பேசிக்கிதே, அந்தப் பூன?"

ஷரீஃப் பாய் அலாரத்தைக் கொண்டுவந்து விட்டார். ஆபா அதை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கதவிடுக்கைத் தடவுகிற அதே விரலால் தலையிலிருந்து வால்வரை தடவினார். பிறகு கழுத்து. பிறகு வயிறு. விரல் தாடைக்குக் கீழே, இன்னும் பிரியாமல் திரண்டு நின்ற ரோமக் கட்டியில் போய் நின்றது.

"ஷரீஃப். இது என்னா?"

ஷரீஃப் பாய் குனிந்து பார்த்தார். ரோமத்தை வகிர்ந்தார். உள்ளே இருந்தது. இதுவரை எடுத்த இருநூற்றுப் பதின்மூன்றுக்கும் தகப்பன். பளபளவென்று, கருப்பும் பழுப்புமாக உடம்பெல்லாம் கோடு கோடாக, பட்டுச் சட்டை போட்ட உண்ணி. சுண்டுவிரல் நகம் பெரிசு.

"தோபா, தோபா" என்றார் ஹாஜிரா பீ. ஆனால் அந்தக் குரலில் ஜெயித்த சத்தம் இல்லை. இரண்டு நாள் பூனையை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அல்லவா? கண் நிறைந்திருந்தது. ஆனாலும் ஆணையிட்டாயிற்று.

பாஞ்சாலி கூடையை இறக்கி வைத்தாள். "வா கண்ணு. எலிங்க காத்துக்கினு கீதுங்க."

"நில்லு!" என்று வாசலிலிருந்து கையைத் தூக்கினார் ராமானுஜம். வக்கீல் தோற்றாலும் குமாஸ்தா தோற்பதில்லை. "ஹாஜிரா பீ சொன்னது என்ன? ஆபா வெத்தல போட்டு எழுந்துக்கற நேரத்துக்கு. வெத்தல இன்னும் கையிலதான் இருக்கு. வாய்க்குள்ள போகல. அவா எழுந்துக்கவும் இல்ல. ஆக, அவகாசம் இருக்கு."

எல்லோரும் ஆபாவைப் பார்த்தார்கள். ஆபா கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாக, மிக மெதுவாக மடிக்க ஆரம்பித்தார்.

ஷரீஃப் பாய் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினார். துப்பட்டாவுக்கு நேரமில்லை. அலாரம் ஆபாவின் மடியில் தானே மல்லாந்து, தாடையைத் தூக்கிக் காட்டியது. சாமணம் தோலோடு தோலாகப் போயிற்று. மூச்சு வெளியே போயிற்று. நேரே தூக்கினார். வரவில்லை. இதுவரை வந்ததெல்லாம் ரோமத்தில் ஒரு இழைகூட இழுக்காமல் வந்தவை; இது நாலு பக்கமும் ரோமத்தைக் கெட்டியாகக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. திருகு, திருகு என்று முப்பது வருஷத்துக் கை துடித்தது. ஷரீஃப் பாய் கையைத் திருக விடவில்லை. ஆபா வெற்றிலையை வாய்க்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். ஷரீஃப் பாய் இழுத்துக்கொண்டே இருந்தார். வேகமில்லாமல், விடாமல், நேராக.

'பொட்'டென்று வந்தது. கூடவே ஒரு கற்றை ரோமமும். அலாரம் ஒரு சின்ன முனகல்கூட முனகவில்லை. தாடையை நாலு தடவை நக்கிக்கொண்டது. ஷரீஃப் பாய் தோலைப் பார்த்தார். காயமே இல்லை. ஒரு ஊசிமுனைப் புள்ளிகூட இல்லை. அந்த நேரத்தில் தன் கை எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறது என்று அவருக்கே புல்லரித்தது.

ஸ்பிரிட் பாட்டிலில் போட்டார். 'டங்' என்று அடியில் போய் மோதியது. அவ்வளவு கனம்.

"காலே ஆட்டல பாயி" என்றாள் பாஞ்சாலி, பாட்டிலில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

"பயம். இழுத்து உள்ளே வெச்சிக்கிச்சு" என்றார் ஷரீஃப் பாய்.

ராமானுஜம் அதை எடுத்து ஒருதரம் அழுத்திப் பார்க்க ஆசைப்பட்டார். ஷரீஃப் பாய் ஒரு பார்வை பார்த்தார். நசுக்கக் கூடாது என்ற சட்டம் ராமானுஜத்துக்கு நினைவு வந்தது.

ஆபா வெற்றிலையை வாயில் போட்டார். மென்றார். பூனையைக் கீழே இறக்கிவிடாமல் ஏந்திக்கொண்டே எழுந்தார். பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவர் முதல்முதலாக ஒரு நல்ல வார்த்தை சொன்னார்:

"சுத்தம்."

ஹாஜிரா பீ பூனையைப் பிடுங்கி முகத்தோடு அணைத்துக்கொண்டார். கூட்டம் சந்திலிருந்து லஸ்வரை கத்தியது. ட்ராம் மணிகளை எல்லாம் ஒருசேர அடித்தார்கள். மாம்பலத்தில் பாண்டி பஜாரில் நின்றுகொண்டிருந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு என்ன பண்டிகை என்று விசாரித்தார்கள். பாஞ்சாலி காலிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "எலிக்கு நல்ல காலம்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அலாரத்துக்கென்று தனியாக ஒரு சங்கரா மீன் கொண்டுவந்தாள். ஆபா திருவல்லிக்கேணியில் போய்ச் சொன்னார். அதன் பிறகு கிண்டிக் குதிரைப் பந்தய லாயத்திலிருந்துகூட ஆட்கள் வந்து, தங்கள் குதிரைகளுக்கு உண்ணி எடுப்பது எப்படி என்று ஷரீஃப் பாயிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். எல்லோருக்கும் அவர் ஒன்றுதான் சொன்னார்: எண்ணெய் வேண்டாம், நெருப்பு வேண்டாம், அடியில் பிடி, திருகாதே, நேராகத் தூக்கு.

அலாரம் மேலும் ஏழு வருஷம் அவருடைய வலது முழங்கைக்குப் பக்கத்தில் படுத்து, ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் பிசகாமல் கத்தியது. பாட்டில் கடையின் கண்ணாடி அலமாரியில், கடிகாரங்களுக்கு நடுவே, எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. சந்தேகமுள்ளவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அதில் இருநூற்றுப் பதினான்காவதாகக் கிடப்பது ஆமணக்குக் கொட்டை.